இருபதாயிரம் தோட்டா தாங்கிய மேல்பாதி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தை. மூன்றாவதாக, பிஸ்டன் வைத்த துப்பாக்கி மேல்பாதி துடைக்காமல் கொள்ளாமல் இருபதாயிரம் தோட்டா சுட்டாலும் தாங்கும் என்பதை, அதை விற்கிற தர்லோ பிங்க்லி கண்டுபிடித்தார். இந்த வரிசையைப் போட்டவரும் பிங்க்லிதான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த மூன்றாவது கண்டுபிடிப்பைக் காணவில்லை.

இடம், அரிசோனாவில் ரோசலீ ஹார்கிஸின் சுடுதளம். சுற்றுலாக்காரர்கள் நாள் முழுக்க வாடகைத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிற இடம். எதைக் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் உடைப்பார்கள். எல்லாத் துப்பாக்கிக்கும் பிஸ்டன் மேல்பாதி மாட்டலாமா என்று ரோசலீ யோசித்துக்கொண்டிருந்தாள். பிங்க்லி தன் வீடியோக்களில் ஒரு வருடமாகச் சுட்டுக் காட்டிய துப்பாக்கி, வெள்ளி மாலை அவளது கண்ணாடிப் பெட்டியில் ஏறியது. நாளை பத்து மணிக்கு எல்லார் முன்னாலும் பிரித்துத் தேய்மானம் அளக்கப்படும் என்று ரோசலீ அறிவித்தாள். கூட்டம் கை தட்டியது. பிங்க்லி கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்.

இப்போது பெட்டி பூட்டியபடி இருந்தது. உள்ளே விசையும் பிடியும் உள்ள கீழ்ப்பாதி மட்டும். குழலும் பிஸ்டனும் உள்ள மேல்பாதி போயிருந்தது.

சாவி இரண்டு பேரிடம். பிங்க்லி ஒருவர். இன்னொருவன் ரோசலீயின் துப்பாக்கி மெக்கானிக் ஓட்டிஸ்.

"இவன்தான்!" என்றார் பிங்க்லி. "பிஸ்டன் உடையும், உடையும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான். வயித்தெரிச்சல்!"

"உடையும்னு சொன்னேன்யா. தூக்கிட்டு ஓடுவேன்னா சொன்னேன்?"

"ஓட்டிஸ், நீ எடுத்திருந்தா இன்னிக்கே உன் பெட்டியக் கட்டிக்க" என்றாள் ரோசலீ. ஓட்டிஸ் பதினோரு வருடமாகத் தங்கியிருந்த அறை சுடுதளத்துக்குப் பின்னால்தான் இருந்தது. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

9:40. டெபுடி ஷெரிஃப் நெட்டி சாவேஸ், சர்க்கரை தூவிய டோனட்டைக் கடித்தபடி வந்து சேர்ந்தாள்.

"துப்பாக்கி திருடு போச்சா?"

"துப்பாக்கி இல்ல மேடம், மேல்பாதி" என்று பிங்க்லி அவசரமாகத் திருத்தினார். "வெறும் உதிரிபாகம். கேஸ் அது இதுன்னு பெருசாக்க வேணாம்."

"அப்படி என்ன விசேஷம் அதுல?"

இது பிங்க்லிக்குப் பிடித்த கேள்வி. "சாதாரணத் துப்பாக்கி, வெடிச்ச புகைய உள்ளயே ஊதிக்கும். சமையல்கட்டுல சுருட்டுப் பிடிக்கிற மாமா மாதிரி! எல்லாம் ஒரே கரி. பிஸ்டன் அப்படியில்ல. புகைய முன்னாடியே தடுத்துடும். உள்ள பளிங்கு."

"வீடியோவுல துப்பாக்கி முன்பக்கம் ஏன் எப்பவும் கறுப்புத் துணி?"

"கம்பெனி ரகசியம்."

நெட்டி கீழ்ப்பாதியைக் கையிலெடுத்தாள். "இதையும் துடைச்சதே இல்லையா?"

"ஒரு தடவகூட இல்ல. என் மானம் அதுலதான் இருக்கு."

நெட்டி சர்க்கரை ஒட்டிய விரலை உள்ளே விட்டு ஒரு சுழற்று சுழற்றினாள். விரல் கன்னங்கரேலென்று வெளியே வந்தது.

"மாமா வந்துட்டுப் போயிருக்காரே" என்றாள்.

கீழ்ப்பாதியைப் பிங்க்லி முன்னால் நீட்டினாள்.

"திருடன் முழுசையும் அள்ளிட்டுப் போறது சுலபம். இவன் நிதானமா ரெண்டு பாதியையும் இணைக்கிற ஊசியத் தட்டி, கீழ்ப்பாதிய வச்சுட்டுப் போயிருக்கான். ஏன்? சட்டப்படி நம்பர் அடிச்ச இதுதான் துப்பாக்கி. இது காணாம போனா ஃபெடரல் போலீஸ்காரன் வருவான். மேல்பாதி போனா நான் மட்டும்தான் வருவேன். ஓட்டிஸ் திருடியிருந்தா, உங்க பேர்ல இருக்கற துப்பாக்கிக்கு ஃபெடரல்காரன் வந்தா அவனுக்கென்ன? பயப்பட வேண்டியவர் நீங்க. பத்து மணிக்குப் பிரிச்சா, புதுசு மாதிரி இருக்கற பிஸ்டனும் கரி பிடிச்ச கீழ்ப்பாதியும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. வருஷம் முழுக்கச் சுட்டது பிஸ்டனே இல்ல. சார், உங்க வண்டியத் திறங்க."

வண்டியில் ஐஸ் பெட்டி. உருளைக்கிழங்கு சாலட்டுக்கு அடியில் பிஸ்டன் மேல்பாதி, தண்டு விரிசல் விட்டபடி. "ரெண்டாவது வாரமே போயிடுச்சு" என்றார் பிங்க்லி, சாலட்டைப் பார்த்து.

"சொன்னேன்ல!" என்று ஓட்டிஸ் கத்தினான்.

"சும்மா இருடா. போய் கடையத் திற" என்றாள் ரோசலீ. அவள் மன்னிப்புக் கேட்கிற விதம் அது.

பின் சீட்டில் இன்னொரு மேல்பாதி, கறுப்புத் துணி சுற்றிக் கிடந்தது. சாதாரண ரகம். கரியில் ஊறியிருந்தும் கச்சிதமாக வேலை செய்தது. நெட்டி துணியைப் பிரித்தாள். குழலைச் சுற்றிய முன்பக்கக் கைப்பிடி முழுக்க ரோஸ் நிறம், அதன்மேல் வெள்ளைப் பூக்கள்.

"இது யாரோடது?"

அது பிங்க்லியின் மாமியாருடையது. அவரைக் கேட்காமல் பிங்க்லி எடுத்து வந்திருந்தார்.