மிதித்தால் உதைக்கும்

புது வாடகை வீட்டில் சாமான் இறங்கிய மதியமே தையல்காரர் மெஷினை ஜன்னலோரம் போட்டுவிட்டார். மனைவியின் வயிற்றிலிருந்த பிள்ளை அடங்கிப்போன பிறகு பழைய வீட்டில் இருவருக்கும் மூச்சு முட்டியது. இடம் மாறினால் மனம் மாறும் என்று ஊரே சொன்னது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும்.

அவள் சமையலறையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கால்சட்டையை வைத்து மிதிக்கத் தொடங்கினார்.

பின்சுவரில் தொம் என்றது.

நிறுத்தினார். சுவரும் நின்றது.

மிதித்தார். தொம், தொம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கோ வெயில் பளீரென்று அடித்தது. சுவரிலிருந்து புளித்த பால் வாசனை வந்தது. பிள்ளை போன பிறகும் அவளுக்குப் பால் கட்டி வலித்த நாட்களின் அதே வாசனை.

மெஷின் ஓடினால் வயிற்றுக்குள் உதைப்பது அந்தப் பிள்ளையின் வழக்கம். "அப்பனுக்கு ஒத்தாசையா இப்பவே மிதிக்குது" என்று அவள் சிரிப்பாள்.

அவளுக்கு இது தெரியக்கூடாது. இப்போதுதான் ஒழுங்காக ஒரு வாய் சாப்பிடுகிறாள். அவர் அவசரமாக மெஷினின் வாரைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க."

சுவரில் உள்ளங்கையைப் பதித்து அவள் நின்றாள்.

"உனக்கும் கேக்குதா?"

"மிதிங்க. நீங்க நிறுத்தினா மறுபடியும் போயிடும்."

மிதித்தார். தொம். அவள் சிரித்தாள். ஒவ்வொரு உதைக்கும் அவள் உதடு வெளுத்தது. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

ஒன்றைக் கொடுத்தாயிற்று. இவளையும் கொடுக்க அவரால் முடியாது. எழுந்து அவளைச் சுவரிலிருந்து பிய்த்து இழுத்தார்.

"போதும்மா. நான் இருக்கேன்ல."

"உங்களுக்கென்ன தெரியும்? சுமந்தது நான். நீங்க வெளியில கை வெச்சுப் பாத்தவரு!"

உண்மைதான். அதனால்தான் சுருக்கென்றது.

"அப்ப என்கிட்ட குடு. நான் சுமக்கறேன்."

அவர் தோளில் விழுந்து, முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். அழ அழ முகத்தில் ரத்தம் திரும்பியது. சுவர் அடங்கிவிட்டது. அவருக்கும் அழுகை வந்தது.

பிறகு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, ஏன் வயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

அவர் அவள் கையை எடுத்துத் தன் சட்டைமேல், தொப்புளுக்குச் சற்று மேலே வைத்தார்.

உள்ளேயிருந்து உதைத்தது.