பெரிய வெள்ளியில் ஒரு மணியோசை

டெலிபோன் அலறியது!

பெரிய வெள்ளி வழிபாட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் இருந்த தன் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள் ஸ்ரெல்லா. ரிசீவரை எடுத்தாள். அவள் கணவன்.

"ஸ்ரெல்லா... யூரெ ஐயாவை ஆரோ அடிச்சுச் சாகடிச்சிட்டாங்கள்!"

"ஐயோ மாதாவே! நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"பொலிஸ் ஸ்டேசன்ல. நான்தான் செய்ததெண்டு பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள்!"

ஸ்ரெல்லா கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

யூரெ, அதே நகரில் ஒனிஹங்கா பகுதியில் கராஜ் வைத்திருந்த குரோஷியக் கிழவர். ஸ்ரெல்லாவின் கணவன் கிளெமென்ட், மன்னாரிலிருந்து வந்தவன், அங்கே மெக்கானிக். தனியாள் ஆயிற்றே என்று, ஸ்ரெல்லா காய்ச்சிய பெரிய வெள்ளிக் கஞ்சியை மூன்று மணி கடந்ததும் அவருக்குக் கொண்டு போனான். கதவு திறந்து கிடந்தது. கிழவர் தலை உடைந்து கிடந்தார். தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கத்தினான். வந்தவர்கள் பார்த்தது, ரத்தம் தோய்ந்த இரண்டு கறுப்புக் கைகளை!

அது போதாதா?

"உங்க வீட்டுக்காரர் விசா என்ன நிலைமையில இருக்கு மேடம்?" மறுநாள் காலை கேட்டான் வக்கீல் செல்வராஜ். மதுரைக்காரன்.

"இன்னும் முடிவு வரேல்லை, தம்பி."

"கேஸ் நிரூபணமாச்சுன்னா ஜெயில். வெளிய வந்ததும் ஃப்ளைட் ஏத்திருவாங்க."

"எங்க? மன்னாருக்கோ? அங்க சண்டையெல்லோ நடக்குது!"

இருவரும் கராஜ் வாசலில் நின்றிருந்தார்கள். உள்ளே போகவிடாமல் பொலிஸ் நாடா.

"கொலை செய்தவன் ஆரெண்டு எனக்குத் தெரியும் தம்பி. டிராகோ! பொலிஸுக்குச் சொன்னன். சிரிக்கிறாங்கள்."

"டிராகோவா? அந்த குரோஷிய எம்.பி.யா? ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறவரு?"

"ஓம். போன ஞாயிறு அவன்ர போஸ்டரைப் பாத்திட்டு யூரெ ஐயா அழுதவர். அவற்ற தம்பி ஒரு பாதிரியார். அவரைச் சிறையில போட்டுச் சாகடிச்சது இவன்தானாம். இண்டைக்கு நடக்கிற அவன்ர தேர்தல் கூட்டத்தில எழும்பி நிண்டு சொல்லப்போறன் எண்டு எல்லாரிட்டயும் சொன்னவர்."

டிராகோவின் கதை சுருக்கமானது. யூகோஸ்லாவியா இருந்தவரை சட்டையில் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவப்பு நட்சத்திரம். நாடு உடைந்த மறுநாள் கழுத்தில் சிலுவை! மேலாளராக இருந்த சிமெண்ட் ஆலைக்கே முதலாளி ஆனார். அப்புறம் எம்.பி. இப்போது வெளிநாட்டுக் குரோஷியர்களின் ஓட்டும் வேண்டியிருந்தது.

பச்சோந்தி வந்து பாடம் கேட்கவேண்டிய ஆசாமி!

நினைத்த மாத்திரத்தில் கார் ஒன்று வந்து நின்றது.

டிராகோ! மார்பில் பெரிய சிலுவை. கையில் மலர்வளையம். இரண்டு பக்கமும் இரண்டு உதவியாளர்கள். பின்னால் ஒரு போட்டோகிராபர்.

'கொன்றவனே மாலை கொண்டு வருகிறான்! கஞ்சி கொண்டு வந்தவன் கையில் விலங்கு!' ஸ்ரெல்லா நினைத்தாள்.

மலர்வளையத்தை வைத்துவிட்டு டிராகோ அவளிடம் வந்தார். பேசியது ஆங்கிலத்தில். நாம் தமிழிலேயே கேட்போம்.

"சகோதரி, உன் கணவனுக்காக ஜெபிக்கிறேன். யூரெயின் உயிர் பிரிந்த நேரத்தில் நான் கோயிலில் இருந்தேன். என்ன வேதனை!"

"எந்தக் கோயில்?"

"எங்கள் மக்கள் போகும் கோயில். வாசலில் கால் வைத்தேன்... சரியாக மூன்று மணி. கோபுரத்தில் மணி அடித்தது. கிறிஸ்து உயிர்விட்ட நேரம் அல்லவா? அழுதுவிட்டேன்!"

ஸ்ரெல்லா அவரை உற்றுப் பார்த்தாள்.

"மணிச்சத்தம் நல்லாக் கேட்டதோ?"

"இன்னும் காதில் ஒலிக்கிறது!"

"நாங்களும் கேட்டோம்!" என்றார்கள் உதவியாளர்கள் இருவரும். ஒரே குரலில்!

ஸ்ரெல்லா தலையை மட்டும் ஆட்டினாள். கார் திரும்பிப் போனதும் செல்வராஜ் பக்கம் திரும்பினாள்.

"தம்பி! பொய்! மூண்டு பேரும் சொல்லுறது பச்சைப் பொய்!"

"எப்படிச் சொல்றீங்க?"

"பெரிய வியாழன் பூசையில அடிச்ச மணி, பாஸ்கு எண்ட ஈஸ்டர் இரவுப் பூசையில கர்த்தர் உயிர்த்தாப் பிறகுதான் திருப்பி அடிக்கும்! நடுவில மரக்கட்டையைத்தான் தட்டுறது. மன்னாரிலயும் அப்பிடித்தான், ரோமாபுரியிலயும் அப்பிடித்தான். கோயில் பக்கம் போகாதவனுக்கு அது எப்பிடித் தெரியும்?"

செல்வராஜ் காருக்கு ஓடினான்!

வழக்கை விசாரித்த டிடெக்டிவ் கானர் இதைக் கேட்டதும் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"அந்த மணியை என்னிடமும் சொன்னார்! நானும் கத்தோலிக்கன்தான்... கோயில் பக்கம் போய் இருபது வருஷம்!"

கோயில் பாதிரியாரிடம் கேட்டார்கள். மணி அடிக்கவில்லை. மூன்று மணிவரை வாசலிலேயே நின்று வந்தவர்களை வரவேற்ற அவர் டிராகோவைப் பார்க்கவும் இல்லை. ஹோட்டலுக்குப் பறந்தார்கள். அறை காலி! கூட்டத்தையும் ரத்து செய்திருந்தார். விமான நிலையத்தில் டிராகோவின் வாடகைக் கார் மட்டும் நின்றது. டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில்... கராஜின் பெரிய ஸ்பேனர். ரத்தத்துடன்! பிடியில் டிராகோவின் கைரேகை.

விமானம் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஞாயிறு காலை கிளெமென்ட் வெளியே வந்தான். தூரத்தில் உயிர்ப்பு ஞாயிறு மணி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்ரெல்லா அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்தக் கிழவனுக்கு நீதி?" என்றான் கிளெமென்ட்.

"டிராகோவோட நாடு தன் குடிமக்கள யாருக்கும் பிடிச்சுக் குடுக்காதாம் சார்," என்றான் செல்வராஜ்.

ஆறு மாதம் கழிந்தது. கிளெமென்டுக்கு விசா வந்த வாரம்.

டெலிபோன் அலறியது! எடுத்தாள் ஸ்ரெல்லா.

"செல்வராஜ் பேசுறேன் மேடம். டிராகோ ஜெயிச்சுட்டாரு. அதோட... மந்திரி ஆயிட்டாரு!"

"மந்திரியோ! என்ன மந்திரி?"

"மத விவகாரத்துக்கு!"

ஸ்ரெல்லா ரிசீவரை வைத்தாள். கணவனிடம் சொன்னாள். கிளெமென்ட், யூரெ முன்பு கொடுத்திருந்த கராஜ் சாவியை மேசையில் வைத்தான். பிறகு கசப்பாகச் சிரித்தான்.

"அப்ப வாற பெரிய வெள்ளி, அந்த நாட்டில எல்லாக் கோயிலிலும் மணி அடிக்கும்!"