ஒரு கம்பி அதிகம்!

செல்போன் அலறியது.

நோரீன் எடுக்கவில்லை. ஒரு கையில் மாட்டு விலாக்கறி. மறு கையில் கத்தி. எதிரில் வரிசை.

சனிக்கிழமைச் சந்தை. வாரகூன் ஊர் மைதானம் முழுக்கக் கூடாரங்கள். ரொட்டிக்காரர், தேன்காரர், டிராக்டர் மெக்கானிக்... எல்லார் மேசையிலும் ஒரு சதுர கியூஆர் கட்டம் ஒட்டியிருந்தது. போனைக் காட்டினால் பிட்காயின் போய்ச் சேரும். வங்கிக்கிளை மூடிப் போன ஊர். யாருக்கும் அதைப் பற்றி வருத்தமில்லை.

மறுபடியும் அலறியது.

எடுத்தாள்.

"நோரீன் பேஸ்கோவா?"

மனிதக் குரல் இல்லை. தகர டப்பாவுக்குள் தவளை உட்கார்ந்து பேசியது மாதிரி இருந்தது.

"ஆமா. யாரு?"

"உன் தம்பி க்ளைவ் எங்கிட்ட இருக்கான்."

"தாராளமா வெச்சுக்க. சோறு மட்டும் போட்டுடாத, அப்புறம் போகவே மாட்டான். யாருய்யா நீ? காலைலேர்ந்து அவனத்தான் திட்டிட்டு இருக்கேன், கடைக்கே வரல..."

"போட்டோ அனுப்பிருக்கேன். பாத்துட்டுச் சிரி."

பார்த்தாள்.

விலாக்கறி கை நழுவிப் புல்லில் விழுந்தது!

க்ளைவ். கண்ணில் கட்டு. வாயில் டேப். நெற்றியிலிருந்து கன்னம் வரை ரத்தம்...

"சங்கத்துப் பெட்டகம்," என்றது தவளை. "மொத்தமும் வேணும். உன் தம்பி சாவி என் கைல. இன்னும் ஒரு சாவி வேணும். அது உன்னுது. நாலு மணி வரைக்கும் டைம்."

"அது ஊர்க் காசுடா!"

"தம்பி உனக்குச் சொந்தம்தானே?"

துண்டித்தது.

"அபேலா!" என்று அலறினாள் நோரீன்.

சாசேஜ் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். சார்ஜென்ட் அபேலா. வாரகூனின் ஒரே போலீஸ். மெல்போர்னிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகியும் பசுவுக்கும் காளைக்கும் வித்தியாசம் கேட்பவள்.

போட்டோவைப் பார்த்தாள். ரொட்டியைத் தூக்கி எறிந்தாள்.

"படை வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நாமதான். அந்தப் பெட்டகம் என்னது? சுருக்கமா சொல்லுங்க."

"எங்க மாட்டுக்காரங்க சங்கத்தோட பிட்காயின் பெட்டகம், கம்ப்யூட்டர்ல இருக்கு. மூணு சாவி. எனக்கு ஒண்ணு, க்ளைவுக்கு ஒண்ணு, மெர்வினுக்கு ஒண்ணு. எதுனா ரெண்டு சாவி கையெழுத்துப் போட்டாத்தான் திறக்கும்."

"உள்ள?"

"எங்க அறுப்புக் கூடம்! பெரிய கம்பெனிக்காரன் பத்து மாடு, இருபது மாடு வெச்சிருக்கவங்களுக்கெல்லாம் இனிமே அறுத்துத் தர முடியாதுன்னுட்டான். நாங்களே கட்டிக்கலாம்னு ஊரே கறி வித்துச் சேத்தது. அது போச்சுன்னா எல்லாரும் மாட்டை லாரிக்காரன்கிட்ட தள்ளிட்டு டவுனுக்குப் போய் மூட்டை தூக்கணும்!"

"அவன் கேட்டதக் குடுக்கலைன்னா?"

"தம்பி செத்துடுவான்..." நோரீன் கத்தியை மேசையில் குத்தினாள். "என்ன கேள்வி இது?"

பின்னால் ஒரு கை அவள் தோளைத் தொட்டது.

மெர்வின்.

அறுபது தாண்டியவர். வெயிலில் வெந்த முகம். இந்தச் சந்தையையே ஆரம்பித்து வைத்தவர். ஊருக்குப் பிட்காயினைக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். க்ளைவுக்குப் பக்கத்துப் பண்ணை.

"கேள்விப்பட்டேன்மா. வண்டி டயர் பஞ்சர், இப்பத்தான் வந்தேன். கையெழுத்தப் போட்டுடு."

"மெர்வின்! ஊர் என்ன சொல்லும்?"

"ஊர்கிட்ட நான் பேசிக்கிறேன். காசு திரும்பச் சேத்துக்கலாம். க்ளைவத் திரும்பச் செய்ய முடியுமா?"

அபேலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்ககிட்டயும் ஒரு சாவி இருக்கே சார். அவன் உங்கள ஏன் கூப்பிடல?"

"நான் அழுவேனா? அக்காவைக் கூப்பிட்டாத்தான் அழுவா."

நியாயமாகத்தான் பட்டது.

அபேலாவின் ஜீப் பறந்தது. பின்னால் மெர்வினின் வண்டி.

க்ளைவின் வீட்டுச் சமையலறை... கவிழ்ந்த நாற்காலி. ஆறிப்போன டீ. தரையில் தொப்பி, அதன் விளிம்பில் ரத்தம். கதவு உடையவில்லை.

"டீ குடிக்கறப்ப பின்னாலேர்ந்து அடிச்சிருக்கான்," என்றாள் அபேலா. "காலைல."

நோரீன் உட்காரவில்லை. அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். பையிலிருந்து சிறிய கருவியை எடுத்து மேசையில் வைத்தாள். அவளுடைய சாவி அதற்குள்தான். அவள் கைரேகையோடு பொத்தானை அழுத்தினால்தான் கையெழுத்து.

"நான் எல்லாத்தையும் தயார் பண்ணி வைக்கறேன்," மெர்வின் கம்ப்யூட்டரைத் திறந்தார். "நீ வந்து அழுத்துனா போதும்."

"அழுத்தத்தான் போறேன். வேற என்ன செய்ய? எனக்கு மூச்சு முட்டுது... கொஞ்சம் வெளிய நிக்கறேன்."

வாசலுக்கு வந்தாள்.

நின்றாள்.

தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

"என்ன?" அபேலா பின்னாலேயே வந்தாள்.

"சத்தம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே?"

"அதான்! சத்தமே இல்ல! மாடு கத்தணும் அபேலா. ஊர் கேக்கற மாதிரி கத்தணும்!"

"ஏன்?"

"க்ளைவ் தினமும் மத்தியானம் கரண்டு வேலிக் கம்பியைத் தள்ளிப் புதுப் புல்லு திறந்து விடுவான். ஒரு நாளைக்கு ஒரு துண்டு. திறக்கலேன்னா கம்பிகிட்ட வந்து நின்னு அதுங்க போடற கூச்சல் இருக்கே... காலைலயே அவனக் கடத்திட்டாங்க. அப்ப யாரு திறந்தது?"

இருவரும் ஓடினார்கள்.

கறுப்பு மாடுகள். முழங்கால் உயரப் புல். தலை தூக்காமல் மேய்ந்தன. கிழித்துத் தின்னும் சத்தம் மட்டும் சரக் சரக்கென்று...

"பக்கத்துல யாராச்சும் திறந்து விட்டிருக்கலாம்," என்றாள் அபேலா.

"பக்கத்துல இருக்கவன் எல்லாம் சந்தைல நிக்கறான். தம்பி கழுத்தை அறுப்பேங்கறவன் மாட்டுக்குப் புல்லு திறந்து விடுவானா?"

நோரீனின் முகம் மெல்ல மாறியது.

பயம் போனது.

வேறொன்று வந்தது.

"க்ளைவ்... அவனேதான்! நடிக்கிறான்! மாடு கத்தறதக் கேட்டுட்டு அவனால ஒளிஞ்சிருக்க முடியல. வந்து திறந்துட்டுப் போயிருக்கான். நாய்! பொறுக்கி! ஊர்க் காசை அடிக்க என்னையே அழ வெச்சிருக்கான்!"

"மாடு கத்தறது கேக்கற தூரத்துல ஒளிய எடம் இருக்கா?"

"ஓடைப் பக்கம் பழைய பம்ப் ஷெட்டு!"

அபேலா துப்பாக்கியை உருவினாள். நோரீன் அதற்குக் காத்திருக்கவில்லை. ஓடைச் சரிவில் இறங்கி, தகரக் கதவை ஒரே உதையில் திறந்தாள்.

இருட்டில் ஒரு உருவம்.

பளார்!

"எந்திரிடா! நல்லா நடிக்கிற!"

"ம்ம்ம்! ம்ம்ம்ம்!"

"நோரீன், நிறுத்துங்க!" அபேலா டார்ச்சை அடித்தாள். "கையப் பாருங்க..."

கட்டு மணிக்கட்டில் வெட்டி இறங்கியிருந்தது. விரல்கள் நீலம். நெற்றிக்காயத்தில் ஈ. யாரும் தனக்குத்தானே போட்டுக்கொள்கிற கட்டில்லை அது.

நோரீன் கண்கட்டை அவிழ்த்து டேப்பைப் பிய்த்தாள்.

"ஆ...! மீசையோட பிடுங்கிட்டியேடி! கடத்தினவன்கூட அறையல!"

"க்ளைவ்... நீதான்னு நெனச்சுட்டேன்டா..." அவனைக் கட்டிக்கொண்டாள்.

"யாரு அது?" அபேலா கட்டை அறுத்தாள். "மூஞ்சி பாத்தியா?"

"இல்ல. பின்னாலேர்ந்து போட்டான். முழிச்சப்ப கண்ணுல துணி, கழுத்துல துப்பாக்கி. போன்ல தட்டறான், அது தவளை மாதிரி பேசுது. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசல. சாவி எங்கன்னு கேட்டுச்சு. சொல்லிட்டேன் நோரி. மன்னிச்சிரு."

"உசிரோட இருக்கியே. போதும்."

தாங்கிப் பிடித்து வெளியே கொண்டு வந்தார்கள். வெயில் கண்ணில் அடித்தது. க்ளைவ் கண்ணைச் சுருக்கி மேட்டைப் பார்த்தான். மாடுகளைப் பார்த்தான்.

திடீரென்று அக்காவின் கையை உதறினான்.

"யார்ரா அது... யார்ரா பின்னாடி கம்பி போட்டது?"

"என்ன கம்பி?" என்றாள் அபேலா.

வீட்டுப் பக்கமிருந்து பார்த்தபோது புல் மறைத்திருந்தது. ஓடைப் பக்கமிருந்து தெளிவாகத் தெரிந்தது. மாடுகளுக்கு முன்னால் ஒரு மின்கம்பி. பின்னால் இன்னொன்று!

"முன்னாடிக் கம்பியைத் தள்ளினா புதுப் புல்லு. பின்னாடி நான் திறந்தே விட்டுருவேன். மாடு பாட்டுக்கு ஓடைக்குப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வரும். இங்க பாரு, தண்ணித் தொட்டியைக்கூட உள்ள இழுத்து வெச்சிருக்கான்! என் நெலத்துல! என்னக் கட்டிப் போட்டுட்டு!"

"பின்னாடி எதுக்குக் கம்பி?"

"மேஞ்ச எடத்த மாடு மறுபடி மிதிச்சா துளிர் செத்துடுமாம். அதனால திரும்ப விடக்கூடாதாம். இந்தச் சீமையிலயே ஒரே ஒருத்தன்தான் அப்படிப் போடுவான். கூட்டத்துக்குக் கூட்டம் என் உயிரை எடுப்பான், க்ளைவ் உனக்கு மேய்க்கத் தெரியலன்னு..."



நோரீன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மெர்வின்..." என்றாள். "மாட்டுச் சத்தம் கேட்டு யாராச்சும் வந்துடுவாங்கன்னு பயந்து திறந்திருக்கான். திறந்தவன் சும்மா போகல..."

"ஆனா அவர்கிட்ட ஒரு சாவி இருக்கு," அபேலா நெற்றியைச் சுருக்கினாள். "க்ளைவோடது கிடைச்சதும் தன்னோடத சேத்துத் தூக்கிட்டுப் போயிருக்கலாமே? உங்க சாவி எதுக்கு?"

"எந்த ரெண்டு சாவி கையெழுத்துப் போட்டுச்சுன்னு உலகத்துக்கே தெரியும் அபேலா. அவன் சாவி படாம இருந்தா அவன் சுத்தம்!"

"கம்பி வந்து சாட்சி சொல்லுமா? கோர்ட்டுல நானும் போடுவேன்னு நாலு பேரு வருவாங்க."

"அப்ப அவன் வாயாலயே வரட்டும்," நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் ஜன்னலுக்கு வெளிய நில்லுங்க."

சமையலறை. நாலு மணி நெருங்கிக் கொண்டிருந்தது.

மெர்வின் கருவியைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"எங்க போயிட்ட? எல்லாம் ரெடி. அழுத்து."

நோரீன் எடுத்தாள். விரலைப் பொத்தான் மேல் வைத்தாள்.

அவர் கண்கள் அந்த விரலை விட்டு நகரவில்லை.

"அழுத்துறேன்... அந்த மாடுங்க வேற உயிர வாங்குது மெர்வின். ரெண்டு வெளிய ஓடிருச்சு."

"ஓடிருச்சா? எப்படி?"

"எவனோ பின்னாடி ஒரு கம்பி போட்டிருக்கான். நாலஞ்சு குச்சி, அதுவும் சாஞ்சு கெடக்கு. கம்பி தொளதொளன்னு தரையத் தொடுது. கரண்டும் இல்ல. மாடு மேய்க்கத் தெரியாத தற்குறி எவனோ..."

"தொளதொளன்னா?" மெர்வினின் காது சிவந்தது.

"துணி காயப்போடற கயிறு மாதிரி."

"வாய்ப்பே இல்ல."

"என் கண்ணால பாத்தேன் மெர்வின். அவ்ளோ கேவலமான கம்பி..."

"பொய்!" மேசையில் அறைந்தார். "அடிக்கு அடி குச்சி நட்டு, இழுத்துக் கட்டி, கரண்டு பாயுதான்னு புல்லை வெச்சுத் தொட்டுப் பாத்துட்டுதான் வந்தேன்! எலி தாண்டாது அதை!"





மெர்வின் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். தாமதமாக.

நோரீன் கருவியைப் பைக்குள் போட்டாள்.

"நல்லாத்தான் கட்டிருக்க மெர்வின். ஒரு குறையும் இல்ல."

கதவு திறந்தது. அபேலா. அவள் பின்னால் ரத்தம் காய்ந்த முகத்தோடு க்ளைவ்.

"ஏன்யா?" என்றான் க்ளைவ்.

மெர்வின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சந்தைய ஆரம்பிச்சது நான். கூடத்தை எங்க கட்டறதுன்னு ஓட்டு வெச்சீங்க. உன் நெலத்துக்குக் கை தூக்குனாங்க. என் நெலத்துக்கு என் பொண்டாட்டிகூடத் தூக்கல! புல்ல மிதிச்சுக் கொல்றவன் நெலத்துல என் கூடமா? காசை எடுத்துக்கிட்டு குயின்ஸ்லாந்து பக்கம் போயிடலாம்னு..."

"என்னக் கொன்னிருப்பியா?"

மெர்வின் அபேலா பக்கம் கைகளை நீட்டினார்.

விலங்கு மாட்டினாள் அபேலா. வாசல்படி வரை பேசாமல் வந்த மெர்வின், ஜீப்பில் ஏறும் முன் மேட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"க்ளைவ்! நாளைக்கு அடுத்த துண்டுக்கு மாத்தறப்ப பின்கம்பியையும் சேத்துத் தள்ளுடா. ஒரே எடத்துல விட்டுடாத. எந்த ஜீவனும் தாங்காது!"

அபேலா அவர் தலையைக் குனிய வைத்து உள்ளே தள்ளினாள்.

"உங்களுக்கு இனிமே ஒரே துண்டுதான் சார். பல வருஷத்துக்கு எடம் மாத்த மாட்டாங்க... தாங்குதா இல்லையான்னு வெளிய வந்து சொல்லுங்க!"