பரீட்சைக்கு வந்த நோயாளி

“என்னாடி அனிதா இது! வெள்ளைக் கோட்டு பூரா நீலம் திட்டுத்திட்டா அப்பிக் கெடக்கு!”

மாமியார் சம்பூர்ணம் போட்ட சத்தத்தில் அரும்பாவூரே விழித்திருக்கும். அடுப்படியில் இட்லி எடுத்துக்கொண்டிருந்த மூத்த மருமகள் சிந்தாமணி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று கோட்டு ஊறிய வாளியில் சொட்டு நீலத்தை வேண்டுமென்றே கவிழ்த்தவள் அவள்தானே!

இளைய மருமகள் அனிதா, ரெண்டு பிள்ளை பெற்ற பிறகு, பெரம்பலூரில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து நர்சிங் உதவியாளர் படிப்பு படிக்கிறாள். இன்று செய்முறைப் பரீட்சை. தேறினால்தான் வேலை. வீட்டிலிருந்து ஒருவரை நோயாளியாகக் கூட்டிப்போக வேண்டும் என்றதும், சம்பூர்ணம் பட்டுச்சேலையே கட்டிக்கொண்டு தயாராகிவிட்டாள்.

அதுதான் சிந்தாமணிக்குப் பொறுக்கவில்லை. படுக்கையில் கிடந்த மாமனாரை மூன்று வருஷம் மலசலம் அள்ளி, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்தவள் அவள். கண்மூடும்வரை அந்த மனிதர் முதுகில் ஒரு புண் கண்டதில்லை. அதற்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா? நேற்றுப் படிக்கப் போனவள் கையைப் பிடித்துப் பிரஷர் பார்த்தால் ‘எங்க வூட்டு டாக்டரம்மா’வாம்! சாப்பிட்டாயா என்று இவளைக் கேட்டறியாத இவள் புருஷன் முருகையன், அனிதாவை பஸ் ஏற்றிவிட வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவளும் மனுஷிதானே!

“யாரு இப்படி நீலம் போட்டது?” என்று முருகையன் உறுமினான்.

அனிதா ஒரு நொடி சிந்தாமணியைப் பார்த்தாள். “நாந்தான் மாமா... அவசரத்துல சாஞ்சிருச்சு.”

சிந்தாமணி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கெளம்பும்போதே சகுனம் சரியில்ல. நான் வரலம்மா!” என்று சம்பூர்ணம் உட்கார்ந்துவிட்டாள்.

அனிதா நேரே அடுப்படிக்கு வந்தாள். “நீங்க வாங்கக்கா... கோட்டு கூடப் படிக்கிற பிள்ளைகிட்ட வாங்கிக்கிறேன். ஆளுக்கு எங்க போவேன்?”

சிந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

பரீட்சைக் கூடத்தில் சிந்தாமணி கட்டிலில் படுத்தாள். இரவல் கோட்டில் நின்ற அனிதா அவளைப் பதமாக ஒருக்களித்து, விரிப்பை மாற்றி, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தாள். “வலிக்குதாக்கா?” கல்யாணமான நாள் முதல் அவளை அப்படிக் கேட்ட ஆள் கிடையாது.

பரீட்சை நடத்த வந்திருந்த லீலாவதி மேடம் கிட்டே வந்தார். “நல்லாத் திருப்புறியே! எங்க கத்துக்கிட்டம்மா?”

“இவங்ககிட்டதான் மேடம். எங்க மாமனாரை இவங்கதான் பார்த்தாங்க. நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல கதவோரம் நின்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். இவங்களப் பார்த்துதான் இந்தப் படிப்புலயே சேர்ந்தேன்.”

இத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை! யாரைக் கரித்துக் கொட்டினாளோ, அவள் வாயிலிருந்தல்லவா வருகிறது! சிந்தாமணியின் கண்ணீர் காதோரம் வழிந்து தலையணையை நனைத்தது.

மேடம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் அனிதாவின் கையைப் பற்றினாள். “நீலத்தக் கவுத்தது நாந்தான்டி... பாவி நான்!”

“தெரியும்க்கா. வாளிகிட்ட நீங்க நின்னதப் பார்த்தேன்.”

“தெரிஞ்சுமா என்னைக் கூட்டியாந்த?”

“அத்தை தானா சேலை கட்டிக் கெளம்பிட்டாங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது? நான் கூப்பிட நெனச்சது உங்களத்தாங்க்கா...”

சிந்தாமணி விருட்டென்று எழுந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அனிதாவும் அழுதாள். அழுதுகொண்டே கெஞ்சினாள். “படுங்கக்கா... பரீட்சை இன்னும் முடியல. நோயாளி எந்திரிச்சா மார்க்கு போயிரும்!”