பதினோராம் லைன்

சத்தம் ஃபேனிலிருந்து வரவில்லை. கறார் அதை நிறுத்திப் பார்த்துவிட்டார். ஏசியை நிறுத்தினார், சார்ஜரைக்கூடப் பிடுங்கினார். அப்போதும் அது இருந்தது: காற்றை மெதுவாக உள்ளே இழுக்கும் ஒரு 'புஸ்', சற்று நேரம் கழித்து மூடி விழுந்த மாதிரி ஒரு 'டக்', கூடவே சூடான ரப்பர் வாசனை.

மழை மூட்டம் போட்ட சாயங்காலம். கரண்ட் போய்ப் பத்து நிமிடமாகி, ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்க இருட்டாகக் கிடந்தது. இவர் வீட்டில் மட்டும் மாடிப்படி விளக்கு வரை எல்லாம் எரிந்தன.

கறார் என்பது ஆபீஸில் வைத்த பெயர். டேட்டா சென்டர்களுக்கு மின்சாரம் பேசி முடித்துக் கொடுப்பது அவர் வேலை. ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டர்கள் ஓடும் அந்தக் கட்டடங்களில் ஒரு நொடிகூடக் கரண்ட் போகக் கூடாது. தட்டுப்பாடு வந்தால் எந்த லைனை முதலில் அணைப்பது, எதைக் கடைசியில் அணைப்பது என்று மின்வாரியத்தில் ஒரு வரிசை உண்டு. மற்றவர்கள் யூனிட் விலைக்கு மல்லுக்கட்டும்போது, இவர் உட்கார்ந்ததும் பேனாவைத் திறந்து அந்தப் பட்டியலின் அடியில் தன் கம்பெனியை எழுதிவிடுவார். "எங்க இடத்தை எழுதிட்டேன் சார். மேல இருக்கிறதை நீங்க நிரப்பிக்கோங்க." பதினெட்டு வருஷமாக இதே வசனம்தான். கடைசியாக முடித்த ஒப்பந்தத்தில் தன் வீட்டையும் கம்பெனி லைனிலேயே சேர்த்துக்கொண்டார். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா.

அந்த ஒப்பந்தத்தில் முதலில் அணைய வேண்டியது பதினோராம் லைன். எல்லாம் சின்ன வீடுகள், கேள்வி கேட்க ஆள் கிடையாது. வாரியத்து இன்ஜினியர்தான் தயங்கினார். "அதுல மூச்சு மிஷின் வெச்சிருக்கிற வீடு ஏழு இருக்கு சார். அவங்களுக்கு மாத்து ஏற்பாடு பண்ணணும். தனியா ஒரு பக்கம் எழுதி ஃபைல்ல வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் இருந்தால் கையெழுத்து ஒரு வாரம் தள்ளிப்போகும். இன்ஜினியர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கறார் அதை உருவி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் கிழித்து எறிந்தார்.

ஏழு பேரில் ஒருவர் பாட்டு டீச்சர். அவருடைய கணவர், ஒரு தையற்காரர், எப்படியோ நம்பரைப் பிடித்து கறாருக்குப் போன் செய்தார். போனை மிஷின் பக்கத்தில் வைத்தார். புஸ். டக்.

"கேட்டீங்களா சார்? இது நின்னா அவளும் நின்னுடுவா. பேட்டரி அரை மணி நேரம்தான் தாங்கும்."

"யாராவது ஒருத்தர் முதல்ல போய்த்தானே ஆகணும், ஐயா," என்றார் கறார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அடுத்த வாரம் பதினோராம் லைனில் நாற்பது நிமிடம் கரண்ட் இல்லை. டீச்சரின் சாவுச் செய்தியை இன்ஜினியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். பாவம் என்று சொல்லிவிட்டு மறந்துபோனார்.

புஸ். டக்.

இப்போது அது மேஜைக்கு எதிர்ப்பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது. 'புஸ்' என்றபோது லேசாக எழும்பியது, 'டக்' என்றபோது தாழ்ந்தது.

மேஜை மேல் ஒரு தாள். நான்காக மடித்த தடம் அதில் இருந்தது. கிழிந்த இடங்களெல்லாம் நெருக்கமாக, நூல் பிசகாமல் தைக்கப்பட்டிருந்தன. ஏழு விலாசங்களும் போய், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண்கள் மட்டும் இருந்தன.

இந்த வீட்டில் மூன்று பேர். மாடியில் ஜுரத்தில் படுத்திருக்கும் மகள். அவள் பக்கத்தில் கண்ணயர்ந்துவிட்ட மனைவி. கீழே இவர்.

"வரிசையை..." ஒரு பெண் குரல் மூச்சு வாங்கியது. "நீங்களே எழுதுங்க... சார்."

கதவுக்கு ஓடினார். கைப்பிடி திரும்பவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார். சத்தம் அறையைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை. பயந்தால் பேரம் பேசு என்பதுதான் அவர் கற்ற ஒரே வித்தை.

"உங்களுக்கு என்னம்மா வேணும்? உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது செய்யச் சொல்றேன். ரெண்டு நாள் டைம் குடுங்க."

"எனக்கு... நாப்பது நிமிஷம்... குடுத்தீங்களே."

ரப்பர் வாசனை அறையை நிறைத்தது. தலைக்கு மேலே, கூரைக்கு அப்பால், இரண்டு பேரின் மூச்சு துல்லியமாகக் கேட்டது. ஒன்று நீளம். ஒன்று சின்னது, ஜுர மூச்சு.

அவர் கல் நெஞ்சுக்காரர்தான். ஆனாலும் அவர் ஒரு தகப்பன். முதல் எண்ணுக்கு நேரே தன்னை எழுதத்தான் பேனாவைத் திறந்தார். அது சத்தியம். கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்.

திறந்தார்.

மூன்றாவது எண். அதற்கு நேரே, அவருடைய அழகான கையெழுத்து. நான்.

பதினெட்டு வருஷக் கை.

"இல்ல. இருங்க, மாத்திடறேன்." அடித்தார். பேனா எழுதவில்லை. அழுத்தினார். முனை வளைந்தது.

"உங்க இடத்தை எழுதிட்டீங்க." குரல் இப்போது மூச்சு வாங்கவில்லை. வகுப்பில் பாடம் எடுக்கிற மாதிரி தெளிவாக இருந்தது. "மேல இருக்கிறதை நாங்க நிரப்பிக்கிறோம்."

அமுங்கியிருந்த மெத்தை எழும்பிச் சமமானது. அறையில் சத்தம் நின்றது.

மாடியில் தொடங்கியது. புஸ். டக். புஸ். டக். இரண்டு மூச்சு.

கறார் கதவில் மோதினார்.

பிறகு ஒன்று.

"என்னங்க," மாடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "பாப்பா... எழுப்பினா எழுந்துக்க..." மூச்சு வாங்கினாள். "மாட்டேங்கிறா... மேல வாங்க."

கைப்பிடி திரும்பவில்லை.

வீட்டில் ஒரு விளக்குகூட அணையவில்லை. தாளில் முதல் வரியில் 'மகள்' என்று இருந்தது, மை காய்ந்துவிட்டது. இரண்டாவது வரியில், குண்டு குண்டான டீச்சர் எழுத்து, அவசரமே இல்லாமல் ஊறி வந்துகொண்டிருந்தது. கறார் தோளால் மோதினார், தலையால் மோதினார், அலறினார். மூச்சு இரைக்கவே இல்லை. அவருக்கு மட்டும் காற்று தாராளமாக வந்துகொண்டிருந்தது.