கட்டைமேல் மஞ்சள் துண்டு

கட்டையின்மேல் அன்று இரை எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் பருந்து வந்து மதிற்சுவரில் உட்கார்ந்திருந்தது. வந்ததும் கொல்லைப்புறத்தின் நடுவிலிருக்கும் அந்த மரக்கட்டையைத்தான் அது பார்க்கும். இன்று சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாடி அறையில் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கடைக்காரனுக்கு அது என்னவோ போலிருந்தது. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுவது அவன் பிழைப்பு. பருந்தைப் படமெடுப்பதுதான் உயிர். அதற்காகவே பழைய ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, திறக்கவே முடியாத தடித்த ஒற்றைக் கண்ணாடியாகப் போட்டு, அதன்மேல் கறுப்புத் தாள் ஒட்டி, லென்ஸ் பார்க்கிற அளவுக்கு மட்டும் தாளில் ஓட்டை வெட்டியிருந்தான். உள்ளே பசை நாற்றம், வியர்வை நாற்றம், தன் மூச்சு தன் காதிலேயே விழுகிற புழுக்கம். அந்தக் கண்ணாடியைத் தாண்டி வெளியே ஒரு சத்தம் போகாது.

படங்களைப் பார்த்தவர்கள் அவன் பொறுமையைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பொறுமையாவது ஒன்றாவது. பண்ணையில் கழித்துக்கட்டிய கோழிக்குஞ்சை வாங்கி வந்து, துள்ளி ஓடாமல் மஞ்சள் துண்டில் இறுக்கச் சுற்றி, தலை மட்டும் தெரிய அந்தக் கட்டைமேல் வைப்பான். பக்கத்தில் நின்று போனில் ஒரு க்ளிக். பிறகு மாடிக்கு ஓடுவான். கேமரா சத்தத்துக்குப் பருந்து மிரளாமல் பழகட்டும் என்றுதான் அப்படி ஆரம்பித்தான். நன்றாகவே பழகிவிட்டது. க்ளிக் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் வந்து இறங்கும். சிறகை விரித்து இரையை மூடிக்கொண்டு, கண்ணிலிருந்து தொடங்கும். குஞ்சின் வாய் திறந்து திறந்து மூடுவதை அவன் லென்ஸில் ரசித்துப் பார்ப்பான்.

மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. பருந்து தானாக வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கென்று அவள் வாங்கி அடுக்கிய துண்டுகளில் சில குறைவதும் தெரியாது. குழந்தையோடு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் குஞ்சு வைப்பதை நிறுத்தியிருந்தான். மாட்டிக்கொள்வோமே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

மாடிப்படி வழியாக அவள் குரல் வந்தது. "என்னங்க, உங்க சின்ன வீடு வந்தாச்சா?"

பருந்துக்கு அவள் வைத்த பெயர் அது.

"வந்தாச்சு."

"பாப்பாவுக்குக் காலை வெயில் காட்டச் சொன்னாங்கல்ல டாக்டர். பின்னாடி தூக்கிட்டுப் போறேன்."

"சரி. சத்தம் போடாம போ," என்றான், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தண்ணீர்த் தொட்டியின்மேல் இன்னொரு பருந்து இருந்ததை அப்போதுதான் கவனித்தான். துணி காயப்போடும் கம்பத்தின்மேல் ஒன்று. எப்போது வந்தன என்று தெரியவில்லை. மூன்றும் ஒடுங்கி, தலையை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தன. பசித்த உடம்புகள். மூன்றும் அதே கதவைப் பார்த்தன.

கதவு திறந்தது.

மனைவி குழந்தையோடு வெளியே வந்தாள். புல் ஈரமாக இருந்தது. உட்கார இடம் தேடுகிறவள்போல் சுற்றிலும் பார்த்தாள். பிறகு கட்டையிடம் போனாள். குழந்தையை அதன்மேல் படுக்க வைத்தாள். மஞ்சள் துண்டு. இறுக்கச் சுற்றியிருந்தது. தலை மட்டும் தெரிந்தது.

வேண்டாம் என்று அவன் வாய் சொன்னது. சத்தம் வரவில்லை.

ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடுப்பிலிருந்த போனை எடுத்தாள். குழந்தைக்கு நேரே நீட்டினாள். குனிந்து ஏதோ கொஞ்சினாள். அவள் கட்டைவிரல் அழுத்தியது.

அவனுக்கு க்ளிக் கேட்கவில்லை. மூன்று தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

கேமராவைத் தள்ளினான். கறுப்புத் தாளைக் கிழித்தான். கத்தினான். குரல் கண்ணாடியில் மோதி அவன் முகத்திலேயே விழுந்தது. இரண்டு கைகளாலும் அறைந்தான். மறுபடியும் அறைந்தான். கண்ணாடி அதிர்ந்தது. அது மட்டும் அவளுக்குக் கேட்டது.

நிமிர்ந்தாள். திரும்பி மாடியைப் பார்த்தாள். வெயில் கண்ணில் அடித்தது. குழந்தைமேல் வைத்திருந்த கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். கணவன் என்னவோ சேட்டை செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தாள்.

அவன் அறைந்துகொண்டே இருந்தான். அவள் அவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், மஞ்சள் துண்டை முழுக்க மூடி, பெரிய சிறகுகள் விரிந்திருந்தன.