கெண்ட்ரலின் வாய்

காலையில் மூடியபடி இருந்த முகமூடியின் வாய், அடுப்பில் சிவப்பு அவரை வெந்து வீடெங்கும் மணக்கிற அந்தத் திங்கட்கிழமை மத்தியானத்தில் வந்து பார்த்தால், ஒரு அரிசி அளவுக்குத் திறந்திருந்தது.

வெர்லீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நியூ ஆர்லியன்ஸில் அவர்கள் தெருப்பக்கம், சுடப்பட்டுச் செத்த பிள்ளைகளின் தாய்மார் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு பாசிமணி முகமூடி, தன் பிள்ளையின் முகமாகவே, தைக்கிறார்கள். மனசு ஆறட்டும் என்று தேவாலயத்தில் ஆரம்பித்தது. வருகிற ஞாயிறு அதை மாட்டிக்கொண்டு, பிள்ளைக்கு என்ன நடந்ததென்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மகன் கெண்ட்ரலின் வாயை வெர்லீன் மூடித் தைத்ததற்குக் காரணம் இருந்தது. சுடப்பட்ட அன்று அவன் வீட்டுக் கதவைத் தட்டினான். வெளியே துப்பாக்கிச் சத்தம். அவள் பயந்துபோய்த் திறக்கவில்லை. இரண்டு வருஷமாக அதைப் பற்றி ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

வீட்டுச் சாவி இன்னொன்று எதிர்வீட்டு ஒசீலியாவிடம் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு தாய்மாரில் அவளும் ஒருத்தி. அன்று ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாளோ? அடுத்தவள் தைக்கிற முகத்தில் ஊசி வைப்பது இந்தக் கூட்டத்தில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். வெர்லீன் விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள்.

"அக்கா, என் துணியில கை வச்சியா?"

படியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த ஒசீலியா நிமிர்ந்தாள். "ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா? எம் மவனுக்கே இன்னும் ஒரு காது பாக்கி. இதுல உம் மவனுக்கு வாய் வேற தைக்கிறேனாக்கும்!"

"வாய்னு நான் சொல்லவே இல்லையே!"

"ஊரே சொல்லுது, வாயை மூடித் தச்சிருக்கன்னு. பெத்தவ எவளாவது அப்படித் தைப்பாளா?"

பொய் சொல்கிறாள். பொய்தான். திரும்பி வந்து முகமூடியைப் புரட்டிப் பின்பக்கத் தையலைப் பார்த்தாள். இரண்டிரண்டு மணியாகக் கோத்து நூலைத் திருப்புகிறபோது, தைக்கிறவர் கை எதுவோ தையல் அந்தப் பக்கம் சாயும். பன்னிரண்டு பேருக்கும் வலது கைப் பழக்கம். வாயோரத்துத் தையல் இடதுபக்கம் சாய்ந்திருந்தது.

இந்த மேஜையில் உட்கார்ந்து இடது கையால் தைத்தவன் ஒருவன்தான். எட்டு வயதில் அவள்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

கத்தரியை எடுத்து அந்தத் தையலை வெட்டினாள். மணிகள் சிதறின. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வாய் இரண்டு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே வெள்ளை மணிகள். பற்கள்.

"வேண்டாண்டா ராசா," என்றாள்.

உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள். சுருக்கென்றது. விரலிடுக்கில் ஊசி மேலே வந்தது. இரண்டு மணி. கீழே போனது. மறுபடி வந்தது. கையை இழுத்தாள். வரவில்லை. உள்ளங்கைக்கடியில் உதடுகள் அசைந்தன. வெதுவெதுப்பாக.

கத்த வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரல் இல்லை.

"அம்மா, கதவைத் திறம்மா! சுடுறாங்கம்மா!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்ப்படியில் ஒசீலியா மெதுவாக எழுந்து நின்றாள்.